கிரகணப் புரட்டும் பேராசிரியர் யஷ்பாலும்

சூரியனைப் பாம்பு விழுங்குகிறது என்னும் கதையைச் சொல்லி, இந்நாட்டு மக்களை, அதிலும் முக்கியமாகப் பெண்மக்களை, பட்டப்பகலில் வீட்டுக்குள் அடைத்துப் போட்டிருந்த புரட்டுக்கு எத்தனையோ பேர் எத்தனையோ விதத்தில் அடி கொடுத்திருக்கிறார்கள். நமது இயக்கம் மேடையேறி அடித்தது. பத்திரிகையில் எழுதி அடித்தது. ஆனால் சர்க்காருடைய டெலிவிஷன் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, யாரையும் வையாமல், யாரோடும் வாதாடாமல், சூரியனையே நேராகக் காட்டி அந்தப் புரட்டின் முதுகெலும்பில் அடித்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் பேராசிரியர் யஷ்பால்.

தமிழ்நாட்டில் அவர் பேரை அறிந்தவர்கள் கொஞ்சம். ஒரு சினிமா நடிகர் எந்த ஊரில் எந்தக் கடையில் தோசை தின்றார் என்பது நம் சிறு பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இந்நாட்டில் டெலிவிஷனைக் கொண்டு விஞ்ஞானத்தைக் குடிசை வரை கொண்டுபோக முயன்ற மனிதர் யார் என்று கேட்டால், பட்டம் பெற்றவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறார்கள். ஆகவே அவருடைய வாழ்க்கையையும் வேலையையும் பற்றி நமது தோழர்களுக்குச் சிறிது எடுத்துச் சொல்ல வேண்டியது அவசியமாகிறது.

பஞ்சாங்கக்காரர் செய்த மோசம்

முதலில் ஒரு சங்கதியைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கிரகணம் எப்படி உண்டாகிறது என்பது இந்நாட்டில் யாருக்குமே தெரியாமல் இருந்ததா என்றால், இல்லவே இல்லை. ஆரியபட்டர் என்பவர் கி.பி. 499லேயே, சந்திரன் சூரியனை மறைப்பது சூரிய கிரகணம், பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவது சந்திர கிரகணம் என்று எழுதிவைத்து விட்டார். 1825ஆம் வருஷம் சென்னையில் வெளியான ஜான் வாரன் என்னும் வெள்ளைக்காரரின் புத்தகத்தில், தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாய் இருந்த கணக்குகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியது விவரிக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே கணக்கு இருந்தது. எந்தத் தேதியில், எந்த நாழிகையில் கிரகணம் பிடிக்கும், எப்போது விடும் என்று முன்கூட்டியே சொல்லும் திறமை இருந்தது. இப்போது நாம் கேட்கின்றோம்: பாம்பு தன் இஷ்டப்படி வந்து விழுங்குவது உண்மையானால், அது வரும் நேரத்தை ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே பஞ்சாங்கத்தில் அச்சடிப்பது எப்படி? பாம்புக்கும் பஞ்சாங்கக்காரருக்கும் ஒப்பந்தம் ஏதாவது உண்டா?

அவர்கள் செய்த மோசம் என்னவென்றால், கணக்கைத் தங்கள் வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, கதையை மட்டும் ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். கணக்கைக் கொடுத்திருந்தால் பயம் போயிருக்கும், பயம் போனால் தானம் போயிருக்கும், தர்ப்பணம் போயிருக்கும், தட்சணையும் போயிருக்கும். ஆயிரத்தைந்நூறு வருஷ காலமாக நம் மக்கள் பட்ட கேட்டுக்குக் காரணம் அறிவு பிறக்காதது அல்ல. பிறந்த அறிவு பங்கிடப்படாததுதான் காரணம். சோற்றைப் பங்கிடாதவனை நாம் கொடியவன் என்கிறோம். அறிவைப் பங்கிடாதவனை என்னவென்று சொல்லுவது?

பேராசிரியர் யஷ்பால் செய்த காரியத்தின் பெருமை இந்த இடத்தில்தான் விளங்கும். அவர் புதிதாக ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்தவர் என்பதற்காக நாம் அவரைப் பாராட்டவில்லை. பெட்டிக்குள் கிடந்ததை எடுத்து ஊருக்குப் பங்கிட்டார் என்பதற்காகவே பாராட்டுகின்றோம்.

யார் இந்த யஷ்பால்?

1926ஆம் வருஷம் நவம்பர் 26ந் தேதி, இன்று பாகிஸ்தானத்தில் உள்ள ஜங் என்னும் ஊரில் பிறந்தவர். பிரிவினையில் பஞ்சாப் இரண்டு துண்டாகி லட்சக்கணக்கான ஜனங்கள் அகதிகளாய் அலைந்த காலத்தில் வாலிபராய் இருந்தவர். பஞ்சாப் சர்வகலாசாலையில் பௌதிக சாஸ்திரம் படித்து, 1949இல் பம்பாயிலுள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, ஆகாயத்திலிருந்து சதா பூமியின்மேல் பொழிந்துகொண்டிருக்கும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். பிறகு அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையில் 1958இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். இவ்வளவோடு நின்றிருந்தால் அவரும் நூற்றோடு நூற்றொன்றாக, பேர் பெற்ற ஒரு விஞ்ஞானியாய் இருந்துவிட்டுப் போயிருப்பார்.

ஆனால் 1973இல் ஆமதாபாத்தில் விண்வெளிப் பயன்பாட்டு நிலையத்துக்கு அவர் முதல் டைரக்டராக வந்தார். அங்கே அவர் தலைமையில் நடந்த ஒரு காரியம் உலகமே திரும்பிப் பார்த்த காரியம். அமெரிக்காவின் செயற்கைக் கோள் ஒன்றைக் கடன் வாங்கி, 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஒரு வருஷ காலம், ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாகாணங்களில் ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்கு நேராக ஆகாயத்திலிருந்தே டெலிவிஷன் படம் இறக்கினார்கள். கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பிவலை போன்ற வலையைக் குடை மாதிரி விரித்து, அதைக் கொண்டு படத்தைப் பிடித்தார்கள். பயிர் வைப்பது, நோய் தடுப்பது, குடும்பக் கட்டுப்பாடு, பள்ளிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் ஆகியவை அதில் காட்டப்பட்டன. பெரிய பட்டணங்களில் பலவற்றுக்கே டெலிவிஷன் வராத காலம் அது. பட்டணத்தானுக்கு முன் பட்டிக்காட்டானுக்குக் கிடைத்த வசதி இந்நாட்டுச் சரித்திரத்தில் வேறு எது உண்டு என்று யோசித்துப் பாருங்கள்.

தந்தை பெரியார் அவர்கள் 1940களில் எழுதிய "இனிவரும் உலகம்" என்னும் நூலில், ஓரிடத்தில் இருந்துகொண்டே பல இடங்களில் உள்ள மக்களுக்குக் கல்வி புகட்டும் சாதனங்கள் வரும் என்று சொல்லி இருக்கிறார். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்திலேயே அது பிரத்தியட்சமாக நடந்துவிட்டது.

1980இல் சர்க்கார் செய்தது

இனிக் கிரகணத்துக்கு வருவோம். 1980ஆம் வருஷம் பிப்ரவரி 16ந் தேதி பிற்பகலில் ஒரு முழுச் சூரிய கிரகணம் கர்நாடகம், ஆந்திரம், ஒரிசா வழியாகச் சென்றது. அன்றைக்குப் பட்டணத்துத் தெருக்கள் கூட வெறிச்சோடிக் கிடந்தன. ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்கள். சரி, ஜனங்கள்தான் பயந்தார்கள், அரசியல் சட்டத்தில் 1976ஆம் வருஷத்தில்தான் விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று எழுதி வைத்த சர்க்கார் என்ன செய்தது? கண் கெட்டுப்போகும் என்று சொல்லி, ஜனங்கள் வெளியே வராதபடி தூர்தர்ஷனில் ஓர் இந்தி சினிமாப் படத்தைப் போட்டுக் காட்டியது!

கண் கெடும் என்பது பொய்யா என்றால், பொய்யல்ல. சூரியனை வெறுங்கண்ணால் உற்றுப் பார்த்தால் கிரகண நாளிலும் கெடுதல்தான், மற்ற நாளிலும் கெடுதல்தான். ஆனால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்துப் பார்க்கச் சொல்லுவது விஞ்ஞானம். கதவைச் சாத்திக்கொள் என்று சொல்லுவது பஞ்சாங்கம். 1980இல் சர்க்கார் விஞ்ஞானத்தின் பேரைச் சொல்லிப் பஞ்சாங்கத்தின் வேலையைச் செய்தது.

33 நாள் இடைவெளியில்

பதினைந்து வருஷம் கழிந்தது. 1995ஆம் வருஷம் செப்டம்பர் 21ந் தேதி நாடெங்கும் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஒரு புரளி கிளம்பிற்று. டில்லியில் பற்றிய தீ ஒரே நாளில் கன்னியாகுமரி வரைக்கும், கடல் தாண்டி லண்டன் வரைக்கும் பரவிற்று. ஆபீசை விட்டுவிட்டு உத்தியோகஸ்தர்கள் செம்பில் பாலோடு வரிசையில் நின்றார்கள். கரண்டியில் உள்ள பாலைக் கல்லின் முனையில் தொடவைத்தால், பரப்பு இழுவிசையினால் பால் இழுக்கப்பட்டு, மெல்லிய படலமாய்ச் சிலையின்மேல் வழிந்து இறங்கும் என்பதைச் சர்க்கார் விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து காட்டி மெய்ப்பித்தார்கள். தொந்திக்குள் போனதாகச் சொல்லப்பட்ட பால் சிலையின் காலடியிலும் சாக்கடையிலும் ஓடியது. குழந்தைகளுக்குப் பாலில்லாத நாட்டில் நடந்த கூத்து இது.

அதற்குச் சரியாக 33ஆம் நாள், அக்டோபர் 24ந் தேதி காலையில், வடநாட்டில் ராஜஸ்தானம் முதல் வங்காளத்தின் டைமண்ட் ஹார்பர் வரைக்கும் முழுச் சூரிய கிரகணம் வந்தது. இந்தத் தடவை தூர்தர்ஷன் சினிமா போடவில்லை. கிரகணத்தையே நேராகக் காட்டியது. அதை விளக்குவதற்குப் பேராசிரியர் யஷ்பால் உட்கார்ந்திருந்தார். சாந்தமான குரலில், வீட்டுத் தாத்தா பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுவது போல, இப்போது சந்திரன் வருகிறது, இப்போது ஓரம் மறைகிறது, இப்போது கடைசி ஒளி வைரமோதிரம் போல மின்னும் என்று அவர் சொல்லச் சொல்ல, அவர் சொன்னபடியே ஆகாயத்தில் நடந்தது. முழுமறைவு ஒரு நிமிஷம் அளவுதான். அந்த ஒரு நிமிஷத்தில் பாம்பு வரவில்லை, விஷம் பெய்யவில்லை, பார்த்தவர் யாரும் சாகவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு உண்டானது பயமல்ல, ஆச்சரியம். 1980இல் கதவைச் சாத்திக்கொண்ட அதே ஜனங்களில் ஆயிரக்கணக்கானவர் 1995இல் கண்ணாடியும் கையுமாக வெட்டவெளிக்கு வந்து நின்றார்கள்.

இந்த 33 நாள் இடைவெளியை நம் தோழர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். பால் குடித்த பிள்ளையாரை நம்பியவர்களும், கிரகணத்தைப் பார்த்து மகிழ்ந்தவர்களும் அதே நாட்டார், அதே வருஷத்தார். பலர் அதே ஆட்களாகவும் இருந்திருப்பார்கள். ஆகவே ஜனங்கள் பிறவியிலேயே முட்டாள்கள் என்று சலித்துக்கொள்வது தப்பு. அவர்கள் கையில் எதைக் கொடுக்கிறோமோ அதைக் கொண்டுதான் அவர்கள் யோசிக்கிறார்கள். புரளியைக் கொடுத்தால் பாற்செம்பைத் தூக்குகிறார்கள். கணக்கைக் கொடுத்தால் கண்ணாடியைத் தூக்குகிறார்கள்.

கேள்வி கேட்பவனுக்கு மரியாதை

இதே தூர்தர்ஷன்தான் 1987இல் ராமாயணத்தையும், அடுத்த வருஷம் மகாபாரதத்தையும் வாராவாரம் காட்டி, டெலிவிஷன் பெட்டிக்கே மாலை போட்டுக் கற்பூரம் கொளுத்த வைத்தது என்பதை நாம் மறக்கவில்லை. அதே பெட்டியில் 1990களில் 'டர்னிங் பாயிண்ட்' என்னும் விஞ்ஞான நிகழ்ச்சி வந்தது. நாடகாசிரியர் கிரீஷ் கர்நாட் அதை நடத்தினார். அதில் ஜனங்கள் எழுதிக் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொன்னவர் யஷ்பால்.

என்ன கேள்விகள்? வானம் ஏன் நீலமாய் இருக்கிறது என்பது போன்ற, குழந்தை கேட்டால் நம் வீட்டில் "போடா, படிக்கிற வேலையைப் பார்" என்று தலையில் குட்டி அனுப்பும் கேள்விகள். அந்த வகைக் கேள்விகளுக்கு, யூ.ஜி.சி. என்னும் சர்வகலாசாலை மானியக் கமிஷனின் தலைவராய் 1986 முதல் 1991 வரை இருந்த மனிதர், இந்திய சர்க்காரின் விஞ்ஞான இலாகாவுக்கே காரியதரிசியாய் இருந்த மனிதர், ஒரு வைஸ்சான்ஸலருக்குச் சொல்லும் மரியாதையோடு விடை சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் அவர் வெட்கப்படவில்லை. எல்லாம் தெரியும் என்பவன் சாமியார்; தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணிந்தவனே விஞ்ஞானி. நம் நாட்டில் குரு என்பவர் கேள்வி கேட்கப்படாதவர். இவரோ கேள்வியையே குருவாக வைத்துக்கொண்டவர்.

பிள்ளைகளின் விஷயத்தில் அவருக்கிருந்த அக்கறை டெலிவிஷனோடு நிற்கவில்லை. சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயணன் ராஜ்ய சபையில் பள்ளிப் பிள்ளைகளின் புத்தக மூட்டையைப் பற்றி மனம் நொந்து பேசினார். பிறகு 1992இல் சர்க்கார் நியமித்த கமிட்டிக்கு யஷ்பால் தலைவரானார். 1993இல் அந்தக் கமிட்டி கொடுத்த யாதாஸ்து, முதுகில் சுமக்கும் மூட்டையைவிடப் பெரிய சுமை விளங்காமல் படிக்கும் சுமையே என்று சொல்லிற்று. தோழர்களே! விளங்காமல் மனப்பாடம் செய்வது என்பது வேறு என்ன? மந்திரந்தானே! அர்த்தம் தெரியாமல் ஓதுவதைக் கோயிலில் கண்டால் கேலி செய்கிறோம். அதையே பள்ளிக்கூடத்தில் செய்து பரீட்சையில் முதல் மார்க்கு வாங்கினால் மாலை போடுகிறோம்.

விதையும் களையும்

யஷ்பால் மானியக் கமிஷன் தலைவராய் இருந்த காலத்தில், 1988இல், வானியல் ஆராய்ச்சிக்கென்று பூனாவில் சர்வகலாசாலைகளுக்குப் பொதுவான ஒரு நிலையம் ஏற்பட்டது. அதன் முதல் டைரக்டர் ஜெயந்த் நார்லிகர். அவர் அந்தஸ்துக்கு ஜோதிடத்தைப் பற்றிப் பேசுவதே கேவலம் என்று ஒதுங்கி இருந்திருக்கலாம். அவர் ஒதுங்கவில்லை. மகாராஷ்டிரத்தின் மூடநம்பிக்கை ஒழிப்பு வீரர் டாக்டர் நரேந்திர தபோல்கர் முதலியவர்களோடு சேர்ந்து ஜோதிடர்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார். புத்திசாலிப் பிள்ளைகள் 100 பேர், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர், ஆக 200 ஜாதகங்கள். எது யாருடையது என்று ஜாதகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆளுக்கு 40 ஜாதகம் வாங்கிக்கொண்டு விடை அனுப்பியவர்கள் 27 ஜோதிடர்கள். 2009இல் வெளியான முடிவு, சொன்னதில் சரியானது 100க்கு 46! காலணாவைச் சுண்டிப் போட்டால்கூட 100க்கு 50 வரும். அப்படியானால் நாம் மணப்பொருத்தத்துக்கு ஏன் ஜோதிடரிடம் போக வேண்டும்? காலணாவே அதிக யோக்கியதை உள்ளதல்லவா?

இது விதைத்ததன் விளைச்சல். களையையும் சொல்ல வேண்டும். யஷ்பால் தலைவராய் இருந்த அதே மானியக் கமிஷன், அவர் இறங்கிப் பத்து வருஷத்துக்குள், 2001இல், சர்வகலாசாலைகளில் வேத ஜோதிடத்தை விஞ்ஞானப் பாடமாக வைக்கலாம் என்று ஏற்பாடு செய்தது. விஞ்ஞானிகள் பலர் எதிர்த்துக் கூக்குரலிட்டார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். 2004இல் சுப்ரீம் கோர்ட்டு அதில் தலையிட மறுத்துவிட்டது. பரீட்சை வைத்த தபோல்கரோ 2013 ஆகஸ்டு 20ந் தேதி, பூனாவில், காலை உலாவப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜாதகம் பொய் என்பதற்குக் கணக்குக் காட்டினால், கணக்கால் பதில் சொல்லாமல் துப்பாக்கியால் பதில் சொல்லும் நாடு இது. டெலிவிஷனில் சாந்தமாய்ப் பேசி ஜனங்களுக்குப் புரிய வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

அவரால் ஆகாதது

பேராசிரியர் யஷ்பால் 2009இல் விஞ்ஞானத்தைப் பரப்பியதற்காக யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு பெற்றார். 2013இல் பத்ம விபூஷண் பட்டம் பெற்றார். 2017ஆம் வருஷம் ஜூலை மாதம் 90ஆவது வயதில் காலமானார். செத்தவர்களைப் புகழ்ந்து பாடிவிட்டுப் போவது நமது வழக்கமல்ல. ஆனதால் அவரால் ஆகாத இரண்டையும் சொல்லுகின்றோம்.

ஒன்று: பயத்தை அவர் போக்கினார், பயத்தை விற்றுப் பிழைப்பவரை அவர் தொடவில்லை. இருட்டில் கயிற்றைப் பாம்பு என்று பயந்தவனுக்கு விளக்கைக் காட்டினால் போதும். ஆனால் கயிற்றைப் போட்டுவிட்டுப் பாம்பு பாம்பு என்று கத்திக் காசு வாங்குகிறவன் பக்கத்திலேயே நிற்கும்போது, விளக்கு அணைந்ததும் அவன் மறுபடியும் கத்துவான். விளக்கைக் காட்டுவது விஞ்ஞானியின் வேலை. கத்துகிறவனைக் கையைப் பிடித்து நிறுத்துவது நமது இயக்கத்தின் வேலை. ஒன்றிருந்தும் மற்றது இல்லாவிட்டால் பயனில்லை.

இரண்டு: அவர் பேசிய பாஷை இந்தியும் இங்கிலீஷும். டில்லியிலிருந்து வந்த விளக்கம் நமது கிராமத்துப் பிள்ளையின் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. இது அவர் குற்றமாகாது. வைரமோதிரத்தை எல்லோரும் பார்த்தார்கள். அது ஏன் மின்னிற்று என்று தமிழில் சொல்ல, அவருக்குச் சமமாக ஒருவரைத் தமிழ் டெலிவிஷன் இன்றுவரை உண்டாக்கவில்லை. இது நம் குற்றம்.

2006 முதல் சில வருஷ காலம் தமிழ்நாட்டு சர்க்காரே ஏழைகளுக்கு இலவசமாக வண்ண டெலிவிஷன் பெட்டி கொடுத்தது. இன்று பெட்டியில்லாத வீடில்லை. அதற்குள் வருவது என்ன? பொழுது விடிந்தால் ராசிபலன். நெற்றி நிறையப் பூசிக்கொண்ட ஒருவர் மேஷத்துக்கு இது, ரிஷபத்துக்கு அது என்று பன்னிரண்டு பாத்தி கட்டி, எட்டுக் கோடித் தமிழரையும் அதில் அடக்கிவிடுகிறார். அதிர்ஷ்டக் கல் வியாபாரம், எண் ஜோதிடம், வாஸ்து, இத்தனைக்கும் நேரமிருக்கிறது. வானம் ஏன் நீலமாய் இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு அரைமணி நேரம் இல்லை! பஞ்சாங்கக்காரர் முன்பு ஓலையில் வைத்துச் சொன்ன கதையை இன்று செயற்கைக் கோள் வழியாகச் சொல்லுகிறார். கிரகங்களைப் பற்றி அவர் பொய் சொல்லுவதற்கே விஞ்ஞானி அனுப்பிய கோள்தான் சுமைகூலி இல்லாமல் சுமக்கிறது.

கீரனூர் மேல் வந்த வளையம்

நம் திண்டுக்கல் ஜில்லாவுக்கு வந்து பார்ப்போம். பழனியை அடுத்த நமது கீரனூர்ச் சமவெளியில் நின்று தெற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர். அதன் அடிவாரத்தருகே உலகறிந்த முருகன் கோயில். அதே மலைத்தொடரின் உச்சியில், கொடைக்கானலில், 1899இல் ஏற்படுத்தப்பட்ட சூரிய ஆராய்ச்சி நிலையம். சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாய் ஓடுகின்றன என்பதை ஜான் எவர்ஷெட் என்பவர் 1909இல் இங்கேதான் கண்டுபிடித்தார். உலகத்துப் புத்தகங்களில் எல்லாம் அது அவர் பேரால் வழங்குகிறது. நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனை அன்றாடம் பதிவு செய்து வைத்திருக்கும் இடம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. காவடி எடுத்துக் கீழ்மலை ஏறுகிறவர்கள் லட்சம் பேர். மேல்மலையில் அப்படி ஒன்று இருப்பதை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

2019ஆம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி காலையில் வளையச் சூரிய கிரகணம் கோயமுத்தூர், திண்டுக்கல், திருச்சி வழியாகச் சென்றது. அந்தப் பாதையின் நடுவே நமது கீரனூர் இருந்தது. ஒன்பதரை மணி சுமாருக்குச் சூரியன் தங்க வளையலைப் போல் ஆகாயத்தில் நின்றது. சந்திரனைவிடச் சூரியன் ஏறத்தாழ 400 மடங்கு பெரிது. ஏறத்தாழ 400 மடங்கு தூரத்திலும் இருக்கிறது. ஆகவே இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாய்த் தெரிகின்றன. சந்திரன் சற்று விலகித் தூரத்தில் இருக்கும் காலத்தில் குறுக்கே வந்தால், சூரியனை முழுவதும் மூட அதற்கு அகலம் போதாமல், சுற்றிலும் ஒரு விளிம்பு மிஞ்சும். அதுவே வளையம். ராகு, கேது என்பவை பாம்புகளும் அல்ல, கிரகங்களும் அல்ல. சந்திரன் செல்லும் பாதை சூரியன் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களுக்கு வைத்த பேர், அவ்வளவே. இரண்டு ரஸ்தா கூடும் முச்சந்தியைப் பார்த்து யாராவது பரிகாரம் செய்வார்களா? ஆகாயத்து முச்சந்திக்கு நாம் பரிகாரம் செய்கிறோம்.

இத்தகைய காட்சி ஒரே ஊருக்கு மறுபடி வருவது அருமை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் போன்றவர்கள் பல ஊர்களில் கண்ணாடி கொடுத்துக் காட்டத்தான் செய்தார்கள். பார்த்த பிள்ளைகள் துள்ளினார்கள். ஆனால் பெரிய கோயில்கள் பலவற்றில் நடை சாத்தப்பட்டது. உலகைப் படைத்த கடவுளையே நிழலுக்குப் பயந்து உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள் என்றால், அந்தக் கடவுளின் சக்தியைப் பற்றி நாம் சொல்ல என்ன இருக்கிறது? அது கிடக்கட்டும். வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை இருட்டறையில் உட்கார வைத்து, அன்னம் தண்ணீர் இல்லாமல், அசையாதே, அரிவாள்மணையைத் தொடாதே, தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, அதைப் பற்றித்தான் நாம் கவலைப்படுகின்றோம்.

உதட்டுப் பிளவு எப்போது உண்டாகிறது? கர்ப்பத்தின் நாலாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில் முகத்தின் இரு பக்கமும் வந்து கூட வேண்டியது கூடாமற் போனால் உண்டாகிறது. அப்படியிருக்க, எட்டு மாதக் கர்ப்பிணியைக் கிரகணத்துக்குப் பயந்து பட்டினி போடுவதற்கு என்ன அர்த்தம்? என்றைக்கோ அமைந்து முடிந்த உதடு இன்றைக்கு எப்படிப் பிளக்கும்? பட்டினியால் கெடுவதோ இன்றைக்கே கெடும். நாலு மணி, ஐந்து மணி நேரம் தண்ணீர் இல்லாமல் கிடந்து மயங்கி விழும் பெண்ணுக்கு ராகுவா பதில் சொல்லுவார்? பிறந்த பிள்ளைக்கு ஏதாவது குறை நேர்ந்துவிட்டால், கிரகணத்தன்று நீ வெளியே வந்தாய் என்று பழியையும் அந்தத் தாயின் தலையிலேயே போட்டுவிடுகிறார்கள். கிரகணப் புரட்டில் உயிரோடு விளையாடும் பகுதி இதுதான்.

நாம் செய்ய வேண்டியது

2031ஆம் வருஷம் மே மாதம் 21ந் தேதி மற்றொரு வளையச் சூரிய கிரகணம் கேரளத்தின் வழியாகத் தென் தமிழ்நாட்டின் மேல் வரப்போகிறது. வளையம் விழாத இடங்களிலும் சூரியனின் பெரும்பாகம் மறையும். தேதி இப்போதே தெரியும். ஆகவே தயாராவதற்கு அவகாசம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. நமது தோழர்கள் செய்யக் கூடியவை இவை:

முதலாவது, ஒவ்வொரு ஊரிலும் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஜனங்களைக் கூட்டி, உரிய பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்துக் காட்ட வேண்டும். எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி, புகை படிந்த கண்ணாடி இவை உதவா, கண்ணைக் கெடுக்கும். காசில்லாவிட்டால் ஓர் அட்டையில் ஊசித் துளை போட்டு, அதன் வழியே விழும் சூரியனின் பிம்பத்தைத் தரையில் பார்க்கலாம். வேப்பமரத்து நிழலில் இலைச் சந்துகள் எல்லாம் அந்த வேலையை இனாமாகச் செய்யும்.

இரண்டாவது, அந்த இடத்திலேயே எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும். கிரகண நேரத்தில் உண்டு காட்டுவதை நம் இயக்கத்தார் வழக்கமாகச் செய்து வருகிறார்கள். மேடையில் நாலு தோழர்கள் உண்டால் மட்டும் போதாது. ஊர்ப்பெண்கள் உட்கார்ந்து உண்ண வேண்டும். முன்னதாகவே கிராமத்து நர்சம்மாவை அழைத்துக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் உள்ள வீடுகளுக்குப் போய், மாமியார்மார்களிடத்தில் மரியாதையாய் எடுத்துச் சொல்ல வேண்டும். பயம் அந்த வீட்டுப் பெரியவர்களிடத்தில் இருக்கிறது. அவர்களை வைதால் கதவைச் சாத்துவார்கள். உட்கார்ந்து பேசினால் கேட்பார்கள். இந்தப் பொறுமையை நாம் யஷ்பாலிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, தமிழ் டெலிவிஷன் முதலாளிகளை, ராசிபலனுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது பிள்ளைகளின் கேள்விக்குக் கொடுங்கள் என்று விடாமல் கேட்க வேண்டும். கொடுக்காவிட்டால் நம் கையில் உள்ள செல்போனே ஒரு டெலிவிஷன் நிலையம். தெரிந்த ஒரு வாத்தியார், கேள்வி கேட்கும் பத்துப் பிள்ளைகள், நல்ல தமிழ், இவை போதும்.

பேராசிரியர் யஷ்பாலுக்குச் சிலை வேண்டாம்; சிலை வைத்தால் நாளைக்கு அதற்கும் பாலூற்றுவார்கள். வானத்தைக் காட்டி "அது என்ன?" என்று கேட்கும் பிள்ளையின் தலையில் குட்டாமல், தெரிந்தால் சொல்லி, தெரியாவிட்டால் அதனோடு கூட உட்கார்ந்து தேடுவதே அவருக்குச் செய்யும் மரியாதையாகும். அவ்விதம் கேட்கும் பிள்ளை பெண்பிள்ளையானால் இரண்டு மடங்கு கவனத்தோடு சொல்லுங்கள். 2031இல் இருட்டறைக்குள் தள்ளப்படுவதா, வெளியே வந்து வளையத்தைப் பார்ப்பதா என்பதை நாளைக்கு அவள்தான் தீர்மானிக்க வேண்டும்.